சிற்பப் படத்தில் நுணுக்கம் கூட்ட எந்த ஸ்லைடர்? கிளாரிட்டி, டெக்ஸ்சர், ஷார்ப்பனிங், டீஹேஸ், ஏஐ

கோயில் சிற்பங்களைப் படம் எடுத்து, அடோபியின் லைட்ரூம் என்ற மென்பொருளில் எடிட் செய்ய உட்காரும் பலர் முதலில் செய்வது கிளாரிட்டி ஸ்லைடரைப் பிடித்து வலது பக்கம் இழுப்பதுதான். இழுத்ததும் கல் சட்டென்று எழுந்து நிற்கும், திரையில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் இழுப்போமே என்று கை தானாகப் போகும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அதே படத்தைத் திரும்பப் பார்த்தால் சாமி முகத்தில் கரி அப்பியது போல இருக்கும், கோபுரத்தைச் சுற்றி வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். இதில் கிளாரிட்டியின் தப்பு ஒன்றுமில்லை. அது செய்ய வேண்டிய வேலை வேறு, நாம் கொடுத்த வேலை வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். கல் சிற்பத்துக்கு முதலில் டெக்ஸ்சர், அப்புறம் மாஸ்க்கிங்கோடு (எங்கே விழ வேண்டாமோ அந்த இடத்தை மறைத்து) ஷார்ப்பனிங். கிளாரிட்டி படம் முழுக்க வேண்டாம், பிரஷ்ஷில் தேவையான இடத்துக்கு மட்டும். டீஹேஸ் கல்லுக்கு வேண்டாம். ஏஐ, நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) நீக்கச் சரி. கல்வெட்டுப் படத்தில் ஷார்ப்னஸ் கூட்டுவதற்கு மட்டும் அதைத் தொடவே கூடாது.

இனி காரணங்கள். ஏஐ-யை விட்டுவிட்டால், இந்த ஸ்லைடர்கள் எல்லாம் செய்வது அடிப்படையில் ஒரே வேலைதான்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுவது. புதிதாக ஒரு விவரத்தையும் இவை கொண்டு வருவதில்லை, கேமராவில் ஏற்கெனவே பதிவானதைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. எவ்வளவு பெரிய விவரத்தில் அதைச் செய்கின்றன என்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. அரிசி சலிக்கிற சல்லடையில் ரவையைச் சலிக்க முடியாது இல்லையா, அதுபோல ஒவ்வொரு ஸ்லைடருக்கும் ஒரு கண் அளவு உண்டு.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில், அதாவது குறுக்காக 6000 பிக்சல், பாறை முழுவதும் அடங்குகிற மாதிரி ஒரு படம். அதில் அந்தப் பெரிய யானை பல நூறு பிக்சலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் வயிற்றின் வளைவு, காலுக்கும் உடம்புக்கும் நடுவே விழும் நிழல் எல்லாம் பெரிய அளவு விவரங்கள். மேலே ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியைப் பாருங்கள், உடம்பு வற்றி விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். அந்த ஒவ்வொரு வரியும் படத்தில் பத்துப் பதினைந்து பிக்சல்தான் வரும். கல்லின் பொரியும் உளி பட்ட தடமும் இன்னும் பொடிசு, ஓரிரு பிக்சல். யானையின் திரட்சிக்குக் கிளாரிட்டி, விலா எலும்புக்கு டெக்ஸ்சர், கல்லின் பொரிக்கு ஷார்ப்பனிங். ஒரே பாறையில் மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

இப்போது அதே தவசியை டெலி லென்ஸில் இழுத்து, உடம்பு மட்டும் ஃபிரேம் நிறைய வரும்படி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பிக்சலாக இருந்த விலா எலும்பு நூறு பிக்சலைத் தாண்டிவிடும். அதன் மேல் டெக்ஸ்சரை எவ்வளவு இழுத்தாலும் எலும்பு அசையாது, அதன் மேல் இருக்கும் கல்லின் சொரசொரப்புதான் கூடும். எலும்பை எடுத்துக்காட்ட இப்போது கிளாரிட்டிதான் வேண்டும். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் ‘டெம்பிள் பிரீசெட்’ வகையறாக்கள் (ஸ்லைடர் அளவுகளை முன்கூட்டியே வைத்த தொகுப்புகள்) ஒரு படத்தில் அசத்திவிட்டு அடுத்த படத்தில் சொதப்புவதற்கு இது முக்கியமான காரணம். பிரீசெட்டுக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள் என்று தெரியாது. எனவே எந்த ஸ்லைடரைத் தொடும் முன்பும் நான் பார்ப்பது ஒன்றுதான்: எனக்கு வேண்டிய விவரம் இந்தப் படத்தில் எத்தனை பிக்சல்? நூறு சதவீதத்துக்கு ஜூம் செய்து பார்த்தால் கண் அளவிலேயே சொல்லிவிடலாம்.

கிளாரிட்டி 2007-இல் லைட்ரூமுக்கு வந்தது. 2012-இல், லைட்ரூம் 4 வந்தபோது, உள்ளே இருந்த கணக்கையே மாற்றினார்கள். அதற்கு முன்பு விளிம்புகளில் தடியாக வந்த ஒளிக்கோடு அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர ஒழியவில்லை. அதிகம் இருட்டும் இல்லாத, அதிகம் வெளிச்சமும் இல்லாத நடுத்தர டோன்களில் கான்ட்ராஸ்டைக் கூட்டுவது இதன் வேலை. தட்டையான வெளிச்சத்தில் எடுத்த சிற்பத்துக்குத் திரட்சி கொடுக்க இதை மிஞ்ச ஆள் கிடையாது. சிக்கல் வருவது பெரிய இருட்டுப் பரப்பும் பெரிய வெளிச்சப் பரப்பும் சந்திக்கும் இடத்தில். நீல வானத்துக்கு எதிரே நிற்கும் கோபுரம் இதற்குச் சரியான உதாரணம். கிளாரிட்டியை நாற்பது ஐம்பதுக்குக் கொண்டுபோனால் சுதைப் பொம்மைகளைச் சுற்றி வானம் வெளுத்துத் தெரியும், போனில் சின்னதாகப் பார்க்கும்போது தெரியாது, பிரிண்ட் போட்டதும் அதுதான் முதலில் கண்ணில் படும். கோபுரப் படத்தில் கிளாரிட்டி வேண்டும் என்றால் மாஸ்க்கில் வானத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கி, கட்டடத்துக்கு மட்டும் 15 முதல் 25 வரை கொடுங்கள். அதற்கு மேல் போனால் நிறமும் கொஞ்சம் சாம்பல் பூத்தது போல ஆகிறது. கோபுரத்தின் பஞ்சவர்ணம் அப்படி மங்கினால் எனக்கு மனசு ஆறாது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் இருக்கும் செப்புத் திருமேனிகளுக்குக் கிளாரிட்டி அனேகமாக ஒத்துவருவதே இல்லை. உலோகத்தின் மேல் விளக்கொளி விழுந்து பளபளக்கும் இடங்கள் இன்னும் கடினமாகி, பிளாஸ்டிக் பூசியது போல ஆகிவிடும். அங்கே ஹைலைட்ஸைக் குறைத்துவிட்டு டெக்ஸ்சரை லேசாகத் தொட்டால் போதும், நகை வேலைப்பாடு தானாக வெளியே வரும்.

டெக்ஸ்சர் வந்தது 2019 மே மாதம். முகத்தின் சருமத்தை மென்மையாக்க ஒரு கருவி செய்யலாம் என்றுதான் அடோபியில் தொடங்கினார்கள், அதை எதிர்த்திசையில் இழுத்தால் நடுத்தர அளவு விவரங்கள் அழகாக எழுகின்றன என்று பார்த்து இரண்டு பக்கமும் போகிற ஸ்லைடராக வெளியிட்டார்கள். கிளாரிட்டியை விடச் சின்ன விவரம், ஷார்ப்பனிங்கை விடப் பெரிய விவரம், இரண்டுக்கும் நடுவில் இதன் இடம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, படத்தின் மொத்த வெளிச்சத்தையும் நிறத்தையும் இது பெரிதாகக் கலைப்பதில்லை. நாய்ஸ் என்பது ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் அளவில் இருப்பது, டெக்ஸ்சர் அதைக் குறிவைப்பதில்லை, எனவே மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-இல் எடுத்த படத்தில்கூடத் தைரியமாக 30, 40 வரை போகலாம். தூண் சிற்பங்களின் அணிகலன், யாளியின் பிடரி, துவாரபாலகர் கிரீடத்தில் இருக்கும் நுணுக்கமான கொடி வேலை, இதற்கெல்லாம் டெக்ஸ்சர்தான்.

ஆனால் கடற்கரைக் கோயிலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உப்புக் காற்று நூற்றாண்டுக் கணக்கில் அரித்து, அங்கே வெளிச் சுவர்ச் சிற்பங்கள் பலவும் மழுங்கி உருண்டு போயிருக்கின்றன. கல்லின் மேல்பரப்பு முழுக்கக் குழி. டெக்ஸ்சரைக் கூட்டினால் அந்தக் குழிகள்தான் ஒவ்வொன்றாக எழுந்து வரும், சிற்பம் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கே டெக்ஸ்சரை மைனஸ் பத்துக்கு இறக்கி, சிற்பத்தின் மேல் மட்டும் பிரஷ்ஷில் கிளாரிட்டி கொடுத்துப் பாருங்கள். அரிப்பு அடங்கி, சிற்பி செதுக்கிய உருவம் முன்னால் வரும். அரிப்பையே ஆவணப்படுத்துவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

முகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணப் படங்களில் பட்டுப்புடவை ஜரிகைக்கும் நகைக்கும் டெக்ஸ்சர் கூட்டலாம், முகத்துக்கு மாஸ்க் போட்டு மைனஸ் பத்து, பதினைந்து. கிளாரிட்டியை மைனஸில் கொண்டுபோய் முகத்தை மெழுகாக்குவதை விட இது எவ்வளவோ மேல், தோலின் துளைகள் தோலாகவே இருக்கும். பாட்டி தாத்தா படங்களில் இதையும் செய்யாதீர்கள், அந்தச் சுருக்கங்கள் இருக்கட்டும்.

ஷார்ப்பனிங்கை விருப்பம் போல விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதாவது ஒன்றை மட்டும்தான் பதிவு செய்கிறது (கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறை), மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அந்த நிரப்பலில் படம் கொஞ்சம் மழுங்கும். எனவே ரா ஃபைலுக்கு (கேமரா எதையும் திருத்தாமல் சேமித்த கோப்பு) அடிப்படை ஷார்ப்பனிங் கட்டாயம், லைட்ரூமும் ரா ஃபைலைத் திறந்ததும் தானாகவே அமௌண்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெயில் 25, மாஸ்க்கிங் 0 என்று வைக்கிறது. ஜேபெக்கில் கேமராவே இந்த வேலையை முடித்துவிட்டிருக்கும், எனவே அங்கே சுழியில் தொடங்கும். போன் படங்களில் இது இன்னும் தீவிரம். போன் ஏற்கெனவே ஷார்ப் செய்து கொடுத்ததன் மேல் நீங்களும் செய்தால் இலை, முடி, மணல் எல்லாம் பூச்சி அரித்தது போல ஆகும்.

ஷார்ப்பனிங்கின் இந்த நான்கு ஸ்லைடரில் எனக்கு மிக முக்கியமானது மாஸ்க்கிங். அதை இழுக்கும்போது ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தால் படம் கருப்பு வெள்ளையாக மாறும். வெள்ளை இருக்கும் இடத்தில் ஷார்ப்பனிங் விழும், கருப்பு இருக்கும் இடம் தப்பித்துவிடும். சிற்பத்தின் விளிம்புகளும் நகைகளும் வெள்ளையாகவும், பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரும் வானமும் கருப்பாகவும் ஆகும் இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் நடுவில் வரும். பறவைப் படம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் உதவும், இறகும் கண்ணும் கூர்மையாகி, மங்கலான பின்னணியில் நாய்ஸ் கிளம்பாமல் இருக்கும். கல்லுக்கு ரேடியஸை (விளிம்பைச் சுற்றி ஷார்ப்பனிங் பரவும் அகலம்) 0.8 முதல் 1.0-க்குள் வையுங்கள். டீடெயிலை ஏற்ற ஏற்ற விளிம்போடு நிற்காமல் மேற்பரப்பின் பொடி விவரமும் எழும், நல்ல வெளிச்சத்தில் குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த கல்லுக்கு 40, 50 வரை நன்றாக இருக்கும், இருட்டு மண்டபத்தில் எடுத்ததற்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. எந்த ஷார்ப்பனிங்கும் ஃபோகஸ் தவறிய படத்தைக் காப்பாற்றாது. எஃப் 22-இல் (லென்ஸ் துவாரத்தை மிகச் சிறிதாக்கி) எடுத்தால் எல்லாம் ஃபோகஸில் இருக்கும் என்று நினைத்து எடுப்பவர்களும் உண்டு, அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எஃப் 8 பக்கமாக இருங்கள்.

டீஹேஸ் 2015-இல் வந்தது, பனிமூட்டத்தையும் தூசியையும் ஊடுருவிக் காட்ட. கொடைக்கானல் பள்ளத்தாக்கு, தூரத்து மலை, பேருந்துக் கண்ணாடி வழியாக எடுத்த படம், இதற்கெல்லாம் அருமை. கல்லில் மூட்டம் எதுவும் கிடையாது, எனவே அங்கே அது நிழலை இருட்டாக்கி, நிறத்தை ஏற்றி, கருங்கல்லை நிலக்கரி ஆக்கிவிட்டுப் போகும்.

ஸ்லைடர்களை இவ்வளவு பேசியாயிற்று, ஆனால் சிற்பத்தின் நுணுக்கத்தில் பெரும்பங்கு வெளிச்சத்தின் கோணம்தான். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. சூரியன் நேர் எதிரே இருக்கும்போது எல்லாமே தட்டையாகத் தெரியும். கொஞ்சம் ஏறி, ஒளி பாறையின் மேல் சாய்ந்து உரசிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். அந்த நிழல் பதிவான படத்துக்குக் கிளாரிட்டியே தேவைப்படாது. அந்த நிழல் இல்லாத படத்தில் கிளாரிட்டி நூறு வைத்தாலும் அது வராது. மறுபடி ஒருமுறை வேறு நேரத்தில் போக முடியும் என்றால், எடிட்டில் மல்லுக்கட்டுவதை விடப் போய்விட்டு வருவது நல்லது.

சரி, ஏஐ. இதில் இரண்டு வேறு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று நாய்ஸ் நீக்குவது. டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் என்ற கருவி 2020-இல் வந்தது, லைட்ரூமில் டீநாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. பல கோயில்களிலும் நினைவுச் சின்னங்களிலும் ட்ரைபாட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும், கையில் பிடித்து ஐஎஸ்ஓ 6400-இல்தான் எடுக்க முடியும், அந்தப் படங்களை இது நிஜமாகவே மீட்டுத் தருகிறது. முதலில் டீநாய்ஸ், அதன் பிறகு மற்ற எல்லாம். ஷார்ப் செய்துவிட்டு நாய்ஸ் நீக்கினால் ஷார்ப்பான நாய்ஸையும் கல்லின் விவரம் என்றே அது எடுத்துக்கொள்ளும். அளவையும் ஐம்பதுக்குள் வையுங்கள், அதைத் தாண்டினால் கல் சோப்புக்கட்டி போல வழவழப்பாகும்.

இரண்டாவது வேலை, மங்கிய படத்தை ஏஐ கூர்மையாக்குவது. வழக்கமான ஷார்ப்பனிங் இருப்பதைத்தான் மிகைப்படுத்தும். ஏஐ, இந்த இடத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தான் கற்றதை வைத்து ஊகித்து வரைகிறது. ஒரு பறவையின் இறகில் அது ஊகித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்வெட்டில் ஊகித்தால் வரலாறே மாறும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ர-வும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இருக்கும், படிப்பவர் இடம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். தேய்ந்துபோன ஒரு வரியில் மென்பொருள் ஒரு சின்ன வளைவைச் சேர்த்துவிட்டால், அல்லது கல்லில் இருக்கும் குழியை அழகான வட்டப் புள்ளியாகத் தீட்டிவிட்டால், அந்தப் படத்தை நம்பிப் படிப்பவர் வேறொரு சொல்லைப் படிப்பார். ஏஐ இல்லாத சாதாரண ஷார்ப்பனிங்கே கருங்கல்லின் கருப்புப் பொட்டுகளைப் புள்ளி போலக் காட்டக்கூடியது, டீடெயிலை ஏற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும்.

தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) இருக்கும் ராஜராஜன் காலத்து வரிகள் ஆழமாக, தெளிவாக வெட்டியவை, அங்கே எந்தக் கருவியும் அதிகம் தேவையில்லை. கஷ்டம் எல்லாம் சுண்ணாம்பு பூசி, எண்ணெய் படிந்து, தேய்ந்துபோன ஊர்க்கோயில் சுவர்களில்தான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி மைப்படி எடுக்கும் பழைய முறை இன்றும் நிற்கிறது என்றால், அது கல்லின் மேடு பள்ளத்தை நேரடியாகத் தொட்டு எடுக்கிறது என்பதால். கேமராவில் அதற்குப் பக்கத்திலாவது போக வேண்டும் என்றால் டார்ச்சையோ ஃபிளாஷையோ சுவரை ஒட்டினாற்போல ஒரு பக்கமிருந்து அடியுங்கள், அடுத்து மேலிருந்து, அப்புறம் மறுபக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். நிழல் இடம் மாறினால் அது வெட்டிய எழுத்து. மாறாமல் அங்கேயே இருந்தால் கறை. இப்படிப்பட்ட படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கிளாரிட்டியை நாற்பது ஐம்பது வரை தாராளமாக ஏற்றுங்கள், இங்கே அழகு முக்கியமில்லை, எழுத்து தெரிந்தால் போதும். யாருக்காவது படிக்க அனுப்பினால் எடிட் செய்ததோடு தொடாத மூலப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா? இல்லை. ராதெரபி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், அதில் 2020-இல் வந்த கேப்சர் ஷார்ப்பனிங் எவ்வளவு ரேடியஸ் வேண்டும் என்று படத்தைப் பார்த்துத் தானே கணக்கிடுகிறது; ஷார்ப்பனிங்குக்கு மட்டும் என்றால் லைட்ரூமை விட அதையே நான் சொல்வேன். அதன் உள்ளே ஓடுவது ரிச்சர்ட்சன்–லூசி என்ற எழுபதுகளின் கணக்கு, ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடிக் கோளாறால் மங்கிய தொடக்க காலப் படங்களைத் தெளிவாக்க வானியலாளர்கள் பயன்படுத்தியதும் அதைத்தான். டார்க்டேபிளும் இலவசம், அதில் விவரங்களை அளவு வாரியாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது, மேலே சொன்ன யானை–எலும்பு–பொரி கணக்கைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் தெரியவில்லை, ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். போனில் மட்டும் எடிட் செய்பவர்களுக்கு ஸ்னாப்சீட்: டீடெயில்ஸ் பகுதியில் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் இரண்டும் இருக்கும், ஸ்ட்ரக்சரைப் பதினைந்து இருபதோடு நிறுத்திக்கொண்டு ஷார்ப்பனிங்கைத் தொடாமல் விடுங்கள். லைட்ரூமுக்குப் பணம் கட்டுவதில் உண்மையான லாபம் மாஸ்க்கிங் வேகமும் டீநாய்ஸும்தான். மாதம் நூற்றுக்கணக்கில் படம் எடிட் செய்பவருக்கு அது தகும், எப்போதாவது கோயிலுக்குப் போய் எடுப்பவருக்குத் தேவையில்லை.

கடைசி ஷார்ப்பனிங்கைப் படம் போகும் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு என்றால் 1080 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகு, ஏனென்றால் சுருக்கும்போது பொடி விவரம் எல்லாம் கரைந்துவிடும். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் ஸ்க்ரீன், ஸ்டாண்டர்ட் என்று வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். பிரிண்ட் வேறு கதை. 12-க்கு 18 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3600-க்கு 5400 வேண்டும், 24 மெகாபிக்சல் படத்தை அதிகம் வெட்டாமல் இருந்தால் தாராளமாகப் போதும். மேட் தாளில் மை கொஞ்சம் பரவும், எனவே திரையில் ஒரு படி அதிகமாகத் தெரிகிற ஷார்ப்பனிங் தாளில் சரியாக இருக்கும், கிளாஸி தாளுக்கு அவ்வளவு வேண்டாம். லேபுக்கு முழுப் படத்தையும் அனுப்பும் முன், முகமும் நகையும் வருகிற ஒரு பகுதியை மட்டும் முழு அளவிலேயே வெட்டி 4-க்கு 6-இல் போட்டுப் பாருங்கள், செலவு சொற்பம். அதில் விளிம்பில் வெள்ளைக்கோடு தெரிந்தால் திரும்பி வந்து முதலில் குறைக்க வேண்டியது கிளாரிட்டியை, ஷார்ப்பனிங்கை அதன் பிறகு தொடலாம்.